காஞ்சியில் சிறார் அடகு: ஒரு வரலாற்றுப் பார்வை

காஞ்சி மாநகரைப் பற்றி எழுதப் புகுவோர் கோயிலில் தொடங்கிப் பட்டில் முடிப்பது வழக்கம். நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென நிர்வாகக் குழுவினர் பணித்தபோது, நானும் அவ்வழியே சென்றுவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். பல்லவரையும் சோழரையும் பற்றி எழுத அறிஞர் பலர் உளர். நம் தெருக்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்களின் நெஞ்சில் மட்டும் தங்கியிருக்கும் வரலாறு ஒன்று உண்டு. அதை எழுதி வைக்க இன்னும் ஒரு தலைமுறை கழிந்தால் ஆள் இராது. தறியில் அடகு வைக்கப்பட்ட பிள்ளைகளின் வரலாறு அது.

இவ்வரலாற்றைத் தறிக்குழியிலிருந்துதான் தொடங்க வேண்டும். காஞ்சிப் பட்டுப் புடவையின் உடல் ஒரு நிறத்திலும் இரு கரைகள் வேறு நிறத்திலும் இருப்பதை யாவரும் கண்டிருப்பர். அக்கரை பின்னர்த் தைத்துச் சேர்க்கப்படுவதன்று. உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரண்டு நாடாக்கள் என மூன்று நாடாக்களைக் கொண்டு, ஒவ்வோர் ஊடை இழையும் உடலும் கரையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு நெய்யப்படுகிறது. இதனையே கோர்வை என்பர். துணி கிழிந்தாலும் கரை பிரியாது என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வது இதனால்தான். ஆனால் மூன்று நாடாக்களை ஒருவர் இரு கைகளால் எறிய இயலாது. நெசவாளர் வலப்புறம் அமர்ந்து தம் வேலையைச் செய்ய, இடப்புறக் கரைக்கு நாடாவைத் தள்ளித் தரவும் இழையைக் கோத்துக் கொடுக்கவும் இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரியவராக இருக்கலாம், தடையொன்றும் இல்லை. ஆயினும் பெரியவருக்குப் பெரியவர் கூலி கொடுக்க வேண்டும். ஆகவே அவ்விடத்தில் சிறுவன் அமர்த்தப்பட்டான். பிள்ளையார்பாளையத்தின் வீடுகளிலும், அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை முதலிய சிற்றூர்களிலும் தறியின் இடப்பக்கம் என்பது நெடுங்காலம் சிறுவர்களின் இருக்கையாகவே இருந்தது.

மென்மையான பட்டிழைக்குச் சிறு விரலே ஏற்றது என்று இதற்கொரு காரணம் சொல்லப்பட்டது. இது காஞ்சியில் பிறந்த வாதம் அன்று. இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பஞ்சாலைகளில் அமர்த்தக் கூடாதென விதித்தபோது, பட்டு ஆலைகளுக்கு மட்டும் விலக்களித்தது. பட்டின் மெல்லிய இழைக்குக் குழந்தையின் விரல்தான் வேண்டும் என்று அங்குள்ள ஆலை முதலாளிகளும் சொன்னார்கள். கடல் கடந்த இரு நாடுகளில், ஒருவரையொருவர் அறியாத முதலாளிகள் ஒரே சொல்லைச் சொன்னார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. இழை மெல்லியது என்பது உண்மை. கூலி அதனினும் மெல்லியது என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

தறியில் இருந்த சிறுவர் எல்லாரையும் ஒரே நிரையில் வைப்பது பிழையாகும். செங்குந்தர், சாலியர், தேவாங்கர், சௌராட்டிரர் ஆகிய நெசவுக் குடிகளில் பிறந்த பிள்ளை தன் தந்தையின் தறியில் அமர்ந்தான். தார் சுற்றுவதில் தொடங்கி, இடப்பக்கம் அமர்ந்து, இருபது வயதிற்குள் வலப்பக்கம் சென்றுவிடுவான். அவனும் பள்ளியை இழந்தான், அதை மறுப்பதற்கில்லை. எனினும் அவனுக்கு ஒரு தொழில் கிடைத்தது, தறி அவனுடையதாயிற்று. சேரியிலிருந்து சென்ற பிள்ளையின் நிலை வேறு. முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பப்பட்டவன் அவன். பிறர் தறியில், பிறர் வீட்டில், இடப்பக்கம் அமர்ந்தான். கிராமங்களில் நம்மவர் சிலர் தொழிலைக் கற்றுத் தறியிட்டு நன்கு வாழ்ந்ததும் உண்டு. அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பலருக்கு இடப்பக்கமே முதலும் முடிவும் ஆயிற்று.

என் அண்ணன் அவர்களில் ஒருவர். இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "ஊர், பேர் போடாம எழுதுடா தம்பி, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். 1979ஆம் ஆண்டு அவருக்குப் பதினொரு வயது. எங்கள் பாட்டியின் ஈமச் செலவுக்காக என் தந்தையார் 400 ரூபாய் வாங்கினார். அதற்கு ஈடாக ஆறாம் வகுப்பில் இருந்த அண்ணன் தறிக்குச் சென்றார். வாரக் கூலியில் ஒரு பகுதியைக் கடனுக்குப் பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. காய்ச்சலில் கிடந்த நாளுக்குப் பிடித்தம், இழை அறுந்தால் பிடித்தம், தீபாவளிக்கு மேலும் ஐம்பது ரூபாய் முன்பணம் என்று கணக்கு நீண்டது. எட்டு ஆண்டுகள் சென்றபின், எங்கள் அன்னையார் வளர்த்த கறவை மாட்டை விற்றுத்தான் அக்கணக்கு முடிந்தது. அப்போது நிலுவை என்று சொல்லப்பட்ட தொகை, முதலில் வாங்கிய நானூறைவிடப் பெரிது. அந்த எட்டு ஆண்டுகளில் அண்ணன் வலப்பக்கம் அமர்ந்து ஒரு முழம் நெய்ததில்லை. அவர் தறிக்குச் சென்றதனால் வீட்டில் அடுப்பெரிந்தது. அடுப்பெரிந்ததனால் நான் பள்ளிக்குச் சென்றேன். இளங்கலைப் பட்டமும் கல்வியியல் பட்டமும் பெற்று இன்று ஒரு பள்ளியின் தலைமையாசிரியனாக அமர்ந்திருப்பவனின் கணக்கில் அந்த 400 ரூபாயும் சேர்ந்தே இருக்கிறது.

அன்று எங்களுக்குத் தெரியாதிருந்த செய்தியைப் பின்னர் வரலாறு படித்தபோது அறிந்தேன். என் தந்தையார் செய்த ஒப்பந்தம் 1933ஆம் ஆண்டிலேயே செல்லாததாக்கப்பட்ட ஒன்று! அவ்வாண்டின் சிறார் உழைப்பு அடகுச் சட்டம், பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பைப் பணத்துக்காக அடகு வைக்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாலும் வாய்ச்சொல்லாக இருந்தாலும் செல்லாது என்றது. அடகு வைக்கும் பெற்றோர்க்கு 50 ரூபாய் வரையும், அடகு பெறுவோர்க்கும் அவ்வாறு பெற்ற பிள்ளையை வேலையில் வைப்போர்க்கும் 200 ரூபாய் வரையும் தண்டம் விதித்தது. அச்சட்டம் பிறந்து நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து என் அண்ணன் அடகு வைக்கப்பட்டார். சட்டத்திற்கும் எங்கள் தெருவிற்கும் இடையே இருந்த தொலைவு அவ்வளவு.

அத்தொலைவு எவ்வாறு உண்டாயிற்று என்பதே நாம் ஆராய வேண்டுவது.

பிள்ளையை ஈடு வைக்கும் வழக்கத்தைப் பட்டுத் தொழில் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் வயல்களில் அது முன்னரே வேரூன்றியிருந்தது. அங்கு மிராசுதாரரிடம் தானியக் கூலிக்குக் கட்டுண்டு உழைத்தவர் படியாள் எனப்பட்டார். திருமணத்திற்கோ சாவுக்கோ அவர் வாங்கிய கடன் அவரோடு மடிவதில்லை. மகன் தலைமேல் ஏறும். மகன் சிறுவனாயின் மாடு மேய்க்கும் பையனாக அதே வீட்டிற்குச் செல்வான். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்றங்கள் துணை நிற்கலாகாது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமை வாணிகத்தைக் குற்றமாக்கியது. ஆளை விற்பது நின்றது. ஆளைக் கடனால் கட்டுவது நிற்கவில்லை. பெயர் மாறிற்று என்பதே சரி.

இதனை முதன்முதலில் அரசின் கண்முன் விரிவாக வைத்தவர் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் ஆவார். 1891இல் இம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அவர் எழுதிய குறிப்பு, நம் மக்கள் குடியிருக்கும் மனைகூடத் தமக்குரியதாக இல்லாமல், மிராசுதாரர் வெளியேறச் சொன்னால் வெளியேற வேண்டிய நிலையில் இருந்ததையும், கடன் அவர்களைப் பிணித்திருந்ததையும் எடுத்துரைத்தது. அதன் விளைவே 30.9.1892 நாளிட்ட 1010ஆம் எண் அரசாணை. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் பேசுவது அதிலிருந்து பிறந்ததே. மறு ஆண்டே பஞ்சமர் கல்விக்கென ஓர் அரசாணையும் வந்தது. நிலமும் பள்ளியும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்ததை நான் பெரிதும் பொருட்படுத்துகிறேன். மனை தன்னுடையதாக இல்லாதவன் மகனைப் பள்ளிக்கு அனுப்பினால், மறுநாள் மனையைக் காலி செய்யச் சொல்வார்கள். இதை அக்காலத்து அதிகாரி ஒருவர் உணர்ந்திருந்தார். பிற்காலத்தில் வந்த பல திட்டங்களை வகுத்தவர்கள் உணரவில்லை.

காஞ்சியில் பள்ளிக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1839இலேயே ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆண்டர்சன் பெயரால் இன்றும் விளங்கும் பள்ளி இங்குத் தோன்றியது. பள்ளி இருப்பது வேறு; அதற்குச் செல்லும் தெரு நமக்குத் திறந்திருப்பது வேறு. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த நம் மாவட்டத்துப் பெருமகனார் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் "பறையன்" இதழைத் தொடங்கி நம் குறைகளை எழுதினார். பின்னர்ச் சட்டமன்றத்தில் அமர்ந்து, பொதுத் தெருக்களிலும் கிணறுகளிலும் நமக்கு உரிமை உண்டு என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து, 1924இல் அரசாணையாகச் செய்தார். அதைத் தெருவில் நடக்கும் உரிமையாக மட்டும் பார்க்கிறோம். என் போன்ற ஆசிரியனுக்கு அது பிள்ளை பள்ளிக்கு நடக்கும் வழியாகவும் தோன்றுகிறது. ஆசிரியராயிருந்து பாடநூல்கள் எழுதியவரான எம்.சி.ராஜா அவர்களும் அதே மன்றத்தில் நம் கல்விக்காக வாதாடினார். 1920இல் அமைந்த தொழிலாளர் ஆணையர் அலுவலகம் சேரிகளில் பள்ளிகளைத் திறந்தது. முதியோர் "லேபர் ஸ்கூல்" என்று சொல்வது அவற்றையே. பின்னர் அவை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயின. என் தந்தையார் கையெழுத்திடக் கற்றது அத்தகைய ஒன்றில்தான். இரண்டாம் வகுப்போடு சரி.

1929இல் விட்லி என்பவர் தலைமையில் தொழிலாளர் நிலையை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதில் சீனிவாச சாஸ்திரியாரும் என்.எம்.ஜோஷியும் இருந்தனர். 1931இல் அது தந்த அறிக்கை, அமிர்தசரஸ் கம்பளத் தறிகளிலும் சென்னை மாகாணப் பீடித் தொழிலிலும் பெற்றோர் முன்பணம் பெற்றுப் பிள்ளைகளை அடகு வைப்பதை வெளிப்படுத்தியது. 1933ஆம் ஆண்டுச் சட்டம் அதனால் வந்ததே. நோயின் வேர் பிள்ளையின் வயது அன்று, பிள்ளையின் தலைமேல் இருக்கும் கடனே என்று அது சரியாகக் கண்டது. ஆனால் கண்டதோடு நின்றது. 400 ரூபாய் ஒப்பந்தம் செல்லாது என்று சொன்ன சட்டம், அந்த 400 ரூபாய் இல்லாமல் பாட்டியை எப்படி அடக்கம் செய்வது என்பதைச் சொல்லவில்லை. அது மட்டுமா, முதலாளியோடு சேர்த்துப் பெற்றோரையும் தண்டித்தது. தானும் தண்டம் கட்ட வேண்டியவன் என்றால் எந்தத் தந்தை புகார் எழுதுவான்?

அடுத்து வந்தது 1938ஆம் ஆண்டுச் சிறார் பணியமர்த்தல் சட்டம். மறு ஆண்டு அதில் தொழில்களின் பட்டியல் ஒன்று சேர்க்கப்பட்டது. பீடி, கம்பளம், தீப்பெட்டி ஆகியவற்றுடன் துணி அச்சிடுதல், சாயமிடுதல், நெய்தல் ஆகியனவும் அதில் இருந்தன. முதலில் பன்னிரண்டு வயது, பின்னர்ப் பதினான்கு வயதுக்குட்பட்டோர் அவற்றில் வேலை செய்யலாகாது. அப்படியாயின் காஞ்சித் தறிகள் அன்றே சிறாரின்றி ஆகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. ஏனெனில் அச்சட்டத்தில் ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டிருந்தது. உடைமையாளர் தம் குடும்பத்தினர் உதவியோடு மட்டும் தொழில் நடத்தும் இடத்திற்கு அச்சட்டம் பொருந்தாது. காஞ்சியில் தறி இருப்பது தொழிற்சாலையிலா? வீட்டுக் கூடத்தில். அதிகாரி வந்து கேட்டால் பையன் யார்? அக்காள் மகன், மாமன் மகன். ஐந்தாறு வயது முதல் பெயர் சொல்லியும் அழைக்கப்படாமல், திண்ணையில் தனித் தட்டில் உண்ட சேரிப் பிள்ளை, அதிகாரி வந்த அந்த ஒரு நாழிகை மட்டும் அவ்வீட்டின் உறவினன் ஆனான். தீண்டாமை ஒழிப்பில் இத்தனை விரைவாகப் பயனளித்த சட்டம் வேறில்லை என்று என் அண்ணன் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு.

அந்த வாசல் 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலும் இருந்தது. 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டுப் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று பொதுத் தடை வந்தபோதும், பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஓர் இடுக்கு விடப்பட்டது. தந்தைக்கு மகன் உதவுவதை யாரும் குற்றமாக்கச் சொல்லவில்லை. குடும்பம் என்ற சொல்லின் நிழலில் யார் யார் ஒதுங்குகிறார்கள் என்பதை நம் ஊர் முக்கால் நூற்றாண்டு பார்த்திருக்கிறது.

இவ்விடத்தில் 1953ஆம் ஆண்டை நினையாமல் செல்ல இயலாது. அவ்வாண்டு இராஜாஜி அவர்களின் அரசு, நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாடவேளையை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று அது எதிர்க்கப்பட்டது. இருக்கும் பள்ளியில் இரு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்க அதுவே வழி என்பது அரசின் விளக்கம். நோக்கத்தைப் பற்றி அறிஞர் வாதிடட்டும். இங்கிலாந்தில் 1844 முதல் ஆலைச் சிறார்க்கு அரைநாள் வேலை, அரைநாள் பள்ளி என்றொரு முறை இருந்தது. 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதை முடித்து வைத்தது. களைத்து வந்த பிள்ளை பள்ளியில் உறங்கியதே மிச்சம். அவர்கள் முக்கால் நூற்றாண்டு பட்டறிந்து கைவிட்டதை நாம் புதிதாக எடுத்துக்கொண்டோம். நெசவாளர் மகனுக்கு மீதி நேரம் தறி; சேரிப் பிள்ளையின் பெற்றோர்க்கு என்ன தொழில் இருந்தது? படியாள் வேலைதானே. 1954இல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1956இல் அவர் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் காலை உணவும் வந்தது. உணவுத் திட்டங்களைப் பற்றி எழுத வேண்டியது பலவுண்டு. இங்கு ஒன்று மட்டும். பள்ளியில் ஒருவேளைச் சோறு கிடைத்தால் வீட்டில் ஒரு வயிறு குறையும். தறி முதலாளி தரும் மதியச் சோற்றுக்காகவே பிள்ளையை அனுப்பிய தாய்மார்களை நான் அறிவேன். அவர்களைத் தறியிலிருந்து திருப்பியது சட்டமன்று, சோறு.

நெருக்கடி நிலைக் காலத்தில் பிறந்த 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம்தான் முதன்முதலில் கடனையே ரத்துச் செய்தது. ஒப்பந்தம் செல்லாது என்பதோடு நில்லாமல், கொத்தடிமைக் கடன் முழுவதும் அழிந்தது என்றது. அது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் கடன் கொடுத்தவர் மேலேயே சுமத்தியது. இது பெரிய மாற்றம். ஆனால் அச்சட்டம் வந்து மூன்றாண்டு கழித்தே என் அண்ணன் தறிக்குச் சென்றார் என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அவருடைய பெயர் அப்போது பள்ளியில் என்னவாயிற்று? நீண்ட நாள் வராதவர் என்று சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. வகுப்பாசிரியர் கெட்டவர் அல்லர். வராத பிள்ளையின் பெயரை நீக்குவதே அன்றைய விதி. தேடிச் செல்வது விதியில் இல்லை.

இந்நிலை மாறத் தொடங்கியது 1996க்குப் பின்னரே. அவ்வாண்டு டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் பற்றிய மேத்தா வழக்கில் தீர்ப்பளித்தது. சிறாரை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும் பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நிதியில் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தர வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். ஆறு மாதத்திற்குள் நாடெங்கும் கணக்கெடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. கணக்கெடுப்பு காஞ்சித் தெருக்களுக்கும் வந்தது. 1988இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் இம்மாவட்டத்திலும் நடந்தன. 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் என்னும் பன்னாட்டு அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் சிறார் கொத்தடிமை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கர்நாடகம், வாரணாசி ஆகியவற்றோடு காஞ்சிபுரத்தையும் அது ஆராய்ந்தது. முன்பணம் எவ்வாறு பிள்ளையைப் பிணிக்கிறது என்பதையும், அப்பிள்ளைகளில் தலித்துகள் மிகுதி என்பதையும் உலகம் அதில் படித்தது. நம் ஊர்ப் பெரியோர் சிலர் ஊர் மானம் போயிற்று என்று அன்று வருந்தினர். எந்த ஊரின் மானம் என்று நான் கேட்கவில்லை. 2004 முதல் சில ஆண்டுகள் இந்திய அரசும் அமெரிக்க அரசும் சேர்ந்து நிதியளித்த "இண்டஸ்" திட்டம் தமிழ்நாட்டில் ஐந்து மாவட்டங்களில் நடந்தது. அவற்றில் ஒன்று காஞ்சிபுரம்.

நம் சங்கம் தோன்றியதும் அந்த ஆண்டுகளை ஒட்டியே. மாலை வகுப்பு நடத்துவதாகத் தொடங்கினோம். முதல் மாதத்திலேயே ஒன்று தெரிந்தது. பாடம் சொல்லித் தருவதற்கு முன், ஒவ்வொரு வீட்டிலும் முன்பணம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கேட்பது எளிதன்று. தாய் சொல்லமாட்டாள், வெட்கம். தந்தை சொன்னால் குறைத்துச் சொல்வார். உறுப்பினர்களில் மூத்தவர் ஒருவர் ஒரு பள்ளி நோட்டில் வீடுவாரியாக அதை எழுதி வந்தார். சட்டம் அக்கடனை அழித்துவிட்டது என்று சொன்னால் பலர் ஏற்கவில்லை; வாங்கிய கடனைக் கொடாதிருப்பது எப்படி என்று கேட்டார்கள். நம் மக்களின் நாணயம் அது. அந்த நாணயத்தின் மேல்தான் அத்தனை முன்பணமும் கொடுக்கப்பட்டிருந்தது.

சிறப்புப் பள்ளிகளைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், மாறுபடுவோர் பொறுத்தருள்க. அப்பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய் உதவித்தொகை தந்தார்கள். தறியில் கிடைப்பதற்கு அது ஈடன்று என்று பலர் குறை சொன்னார்கள். குறை உண்மையே. ஆயினும் அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் காலையில் வீடு வீடாகச் சென்று பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த சம்பளம் சொல்லத் தரமன்று. மெத்தப் படித்து நிலையான ஊதியம் பெற்ற எங்களைப் போன்றோர் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் தேடிச் சென்றார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியை விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று விதித்தது, அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைத்தான்.

இன்று காஞ்சித் தறியின் இடப்பக்கத்தில் சிறுவன் அரிது. இதற்குச் சட்டமும் பள்ளியும் மட்டும் காரணம் என்று சொன்னால் நான் வரலாற்றாசிரியன் ஆகமாட்டேன். உதவியாள் இன்றியே கோர்வை நெய்ய உதவும் இணைப்புக் கருவிகள் வந்தன. பல வீடுகளில் மனைவி இடப்பக்கம் அமர்ந்தாள். கூலி கணவன் பெயரில் ஒன்றாக வருகிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் திருப்பெரும்புதூரிலும் 1990களின் இறுதி முதல் தொழிற்சாலைகள் எழுந்து இளைஞரை வண்டி வைத்து அழைத்துச் சென்றன. நெசவாளர் மக்களே தறியை விட்டு வெளியேறும்போது, கூலிக்குப் பிள்ளையை முன்பணம் கொடுத்துப் பிடிக்க யார் வருவார்? தறி தளர்ந்ததனால் பிள்ளை தப்பினான் என்பதும் ஒரு பகுதி உண்மை. பட்டு நலிவதைக் கண்டு மகிழ்வதற்கு நான் காஞ்சியில் பிறக்கவில்லை. இதை வருத்தத்தோடே எழுதுகிறேன்.

முன்பணமோ தறியை விட்டபின் வேறு இடம் தேடிச் சென்றது. செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டும் இடத்திற்கும் குடும்பத்தோடு அழைத்துச் செல்லப்படும் இருளர் மக்களிடம் அது இன்றும் நடமாடுகிறது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் வேலையில் கொத்தடிமைகளாயிருந்த 42 பேரை அதிகாரிகள் மீட்டனர். குழந்தைகளும் அவர்களில் இருந்தனர். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்து வணங்கிய படம் நாளேடுகளில் வந்ததைப் பலர் கண்டிருப்பீர்கள். அதைப் பார்த்த என் அண்ணன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எவ்வளவு வாங்கியிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பின் வேறோர் இடத்தில் மீட்கப்பட்ட குடும்பம் ஒன்று எங்கள் பள்ளிக்குத் தம் மகளைச் சேர்க்க வந்தது. பதினொரு வயது. சேர்க்கைப் பதிவேட்டில் முன்பு படித்த பள்ளி என்னும் கட்டத்தில் கோடிட்டேன். வயதுச் சான்று இல்லை. அது இல்லையென்று எந்தப் பிள்ளையையும் இப்போது திருப்ப முடியாது. ஆறாம் வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தோம். தாயின் கையில் நெகிழி உறையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. கோட்டாட்சியர் கையெழுத்திட்ட விடுதலைச் சான்றிதழ். அதில் கடன் ரத்தாயிற்று என்று எழுதியிருக்கிறது. அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆயினும் அதுதான் முக்கியமான தாள் என்று தெரிந்திருந்தது. பள்ளியில் அதைக் கொடுத்துவிட வேண்டுமா என்று அஞ்சி அஞ்சிக் கேட்டார். வேண்டாம் அம்மா, நகல் போதும் என்று சொல்லி, எழுத்தரிடம் படி எடுக்கச் செய்து, மூலத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை மறுபடியும் நான்காக மடித்து உறையில் இட்டு, இடுப்பில் செருகிக்கொண்டார். சிறுமி அதற்குள் வகுப்பில் சென்று அமர்ந்துவிட்டாள்.